மண்ணுக்குள் ஒரு துணி

சிங்கப்பூரின் கிழக்குக் கரையில், இன்று சாங்கி கிழக்கு என்று அழைக்கப்படும் நிலப்பகுதியில், ஒரு காலத்தில் ஒரு பெரிய குளம் இருந்தது. அது நீர் நிறைந்த குளமன்று. சேறு நிறைந்த குளம். அதன் பரப்பளவு ஏறத்தாழ 180 ஹெக்டர். சில இடங்களில் சேற்றின் ஆழம் ஒரு மீட்டர். வேறு சில இடங்களில் 20 மீட்டர். தீவின் கிழக்குப் பகுதியில் மணலைத் தோண்டிக் கழுவியபோது, கழுவிய நீரோடு வெளியேறிய வண்டலும் களிமண்ணும் ஆண்டுக்கணக்கில் அந்தக் குளத்தில்தான் விடப்பட்டன. நல்ல மணல் கட்டுமானப் பணிகளுக்குப் போனது. வேண்டாதது குளத்தில் தங்கிவிட்டது.

1990களில் அந்த வட்டாரத்தில் கடலை நிரப்பி நிலமாக்கும் பணி நடந்தது. சுற்றிலும் நிலம் உருவாகும்போது நடுவே ஒரு சேற்றுக் குளத்தை விட்டுவைக்க முடியாது. ஆனால் அந்தச் சேறு கூழைப் போல் இருந்தது. அதில் கலந்திருந்த நீரின் எடை, மண்ணின் எடையைவிட அதிகம். அதன்மீது ஆள் நிற்க முடியாது. வண்டி நிற்பதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. மேலே மணலைக் கொட்டினால் மணல் உள்ளே போய்விடும். போன இடத்தில் இருந்த சேறு பக்கத்தில் பீறிட்டு மேலே வரும்.

சேற்றை முழுவதும் அள்ளிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அள்ளலாம். ஆனால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நிலம் போதாத நாட்டில் அது இன்னொரு சேற்றுக் குளத்தை உருவாக்குவதில்தான் முடியும். ஆகவே, பொறியாளர்கள் மணலைக் குவியலாகக் கொட்டாமல், ஒரு முறைக்கு 20 சென்டிமீட்டர் என்ற அளவில் மெல்லிய அடுக்குகளாகப் பரப்பிப் பார்த்தார்கள். அவ்வளவு கவனமாகச் செய்தும் ஒரு பகுதியில் சேறு மணலைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது.

அந்த இடத்தைச் சரிசெய்ய அவர்கள் பயன்படுத்திய பொருள், துணி.

துணியைக் கொண்டு சேற்றைக் கட்டுப்படுத்துவதா என்று வியப்பு ஏற்படுவது இயல்பே. அந்த வியப்பு தீர வேண்டுமானால், முதலில் மண்ணின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் காய்ந்த மணலைக் கையில் அள்ளி ஓரிடத்தில் மெதுவாகக் கொட்டினால் அது கூம்பு வடிவில் குவியும். இன்னும் கொட்டினால் குவியல் பெரிதாகும். ஆனால் அதன் சரிவு செங்குத்தாவதில்லை. ஏறத்தாழ 30 முதல் 35 பாகைக்கு மேல் சரிவு எழும்பாது. எழும்ப முயன்றால் மணல் உருண்டு கீழே வந்துவிடும். மணல் துகள்கள் ஒன்றன்மீது ஒன்று அமர்ந்து எடையைத் தாங்கும். ஆனால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளா. மணலை அழுத்தலாம்; இழுக்க முடியாது. ஒரு கைப்பிடி மணலின் இரு முனைகளையும் பிடித்து இழுப்பது என்பதே நகைப்புக்குரிய செயல்.

கயிற்றின் குணம் இதற்கு நேர்மாறானது. கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் அது தாங்கும். ஆனால் கயிற்றை நட்டுவைத்து அதன் தலையில் ஒரு புத்தகத்தைக்கூட வைக்க முடியாது. அழுத்தத்தைத் தாங்கும் ஒன்றையும், இழுவிசையைத் தாங்கும் ஒன்றையும் சேர்த்துவைத்தால், இரண்டும் தாங்கும் ஒரு புதிய பொருள் கிடைக்கும். வீவக அடுக்குமாடிக் கட்டடங்களின் தூண்களிலும் விட்டங்களிலும் இருப்பது இதே உத்திதான். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்குகிறது. அதற்குள் இருக்கும் இரும்புக் கம்பி இழுவிசையைத் தாங்குகிறது. கான்கிரீட்டுக்குப் பதில் மண்ணையும், கம்பிக்குப் பதில் துணியையோ வலையையோ வைத்துக்கொண்டால் மண்ணை வலுவூட்டும் கலை புரிந்துவிடும்.

இதைப் பள்ளியிலேயே செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரண்டு பெரிய காகிதக் கோப்பைகளும் சற்றே ஈரமான மணலும் போதும். முதல் கோப்பையில் மணலை மட்டும் அழுத்தி நிரப்ப வேண்டும். இரண்டாவதில் கொஞ்சம் மணல், அதன்மேல் வட்டமாக வெட்டிய ஒரு மெல்லிய துணி, மீண்டும் மணல், மீண்டும் துணி என்று நான்கைந்து அடுக்குகளாக நிரப்ப வேண்டும். இரண்டையும் கவிழ்த்துக் கோப்பைகளை எடுத்துவிட்டு, மணற்கட்டிகளின்மேல் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கினால் வேறுபாடு தெரியும். முதலாவது வயிறு பிதுங்கி, பக்கவாட்டில் உடைந்து சரியும். அது உடைந்த எடையில் இரண்டாவது இன்னும் நின்றுகொண்டிருக்கும்.

இரண்டிலும் இருப்பது அதே மணல்தான். வேறுபாடு எங்கிருந்து வந்தது? மேலிருந்து எடை அழுத்தும்போது மணல் கீழே இறங்குவதோடு பக்கவாட்டிலும் விரிய முயல்கிறது. விரியும்போது தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் துணியையும் சேர்த்து இழுக்கிறது. துணி இழுபட மறுக்கிறது. மணலும் விரிய முடியாமல் நின்றுவிடுகிறது. மணலையும் துணியையும் இணைத்துவைப்பது பசையோ ஆணியோ அன்று, வெறும் உராய்வு.

உராய்வுக்கு அவ்வளவு வலிமை உண்டா? இரண்டு தடித்த புத்தகங்களை எடுத்து, ஒன்றின் பக்கங்களுக்கு இடையே மற்றொன்றின் பக்கங்களை ஒவ்வொன்றாக நுழைத்து வைத்துவிட்டு, இருவர் இருபுறமும் பிடித்து இழுத்தால் விடை கிடைக்கும். புத்தகங்கள் பிரியா. மண்ணுக்குள் நடப்பதும் அதுவே. இதில் ஒரு நயமான உண்மை உண்டு. மேலே மண்ணின் எடை கூடக் கூட, கீழே உள்ள மண் வெளியே தள்ளப்படும் விசையும் கூடுகிறது. அதே எடைதான் துணியையும் இறுக்கிப் பிடித்து உராய்வைக் கூட்டுகிறது. சரியச் செய்யும் எடையே சரியாமல் காக்கும் பிடியாகவும் மாறுகிறது.

இந்த அறிவு புதியதன்று. ஈராக்கில் பாக்தாத் நகருக்கு அருகே அகர் குஃப் என்னுமிடத்தில் ஒரு படிக்கட்டுக் கோபுரத்தின் எச்சம் நிற்கிறது. ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முன் சுடாத மண்கற்களால் கட்டப்பட்ட அந்தக் கோபுரத்தின் உள்ளே, சில வரிசைகளுக்கு ஒரு முறை நாணல் பாய்கள் விரிக்கப்பட்டுள்ளன. மண் கரைந்த இடங்களில் அந்தப் பாய்களின் விளிம்புகள் இன்றும் வெளியே தெரிகின்றன. சீனப் பெருஞ்சுவரின் மேற்குப் பகுதி பாலைவனத்தின் வழியே செல்கிறது. அங்கே கல் கிடைக்கவில்லை. கிடைத்த சரளை மண்ணுக்கு இடையே நாணலையும் புதர்ச்செடிக் கிளைகளையும் பரப்பிச் சுவரை எழுப்பினார்கள். தமிழகத்துக் கிராமங்களில் மண்சுவர் வைப்பவர்கள் வைக்கோலை வெட்டிப் போட்டு மண்ணைக் குழைப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. காயும்போது சுவர் வெடிக்காமல் வைக்கோல் பிடித்துக்கொள்கிறது.

இந்தப் பழைய பழக்கத்தைக் கணக்கிட்டு வடிவமைக்கக்கூடிய பொறியியலாக மாற்றியவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆன்ரி விடால். கட்டடக் கலைஞராகவும் பொறியாளராகவும் விளங்கிய அவர், கடற்கரையில் மணலைக் குவித்து விளையாடியபோது பைன் மரத்தின் ஊசி இலைகளை இடையிடையே வைத்தால் குவியல் செங்குத்தாக நிற்பதைக் கண்டார் என்று சொல்லப்படுகிறது. 1963ஆம் ஆண்டில் அவர் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு ஆண்டுகளில் பிரான்ஸின் மலைப்பகுதியில் முதல் சுவர் எழுந்தது. அவர் மண்ணுக்குள் பதித்தவை நீண்ட உலோகப் பட்டைகள். அவை இன்றும் பல நாடுகளில் பயன்படுகின்றன. ஆனால், ஈர மண்ணில் உலோகம் நாளடைவில் துருப்பிடிக்கும். துருவுக்கென்று கூடுதல் கனம் சேர்க்க வேண்டும். மண்ணின் உப்பையும் அமிலத்தையும் கவனிக்க வேண்டும். துருப்பிடிக்காத ஒன்றைத் தேடியவர்களின் பார்வை செயற்கை இழைகளின்மேல் விழுந்தது.

பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் போன்ற இழைகளால் ஆன துணிகள் 1960களிலிருந்தே மண்வேலைகளில் மெல்ல நுழைந்தன. 1977ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் ஷான்-பியேர் ஷிரூ இவற்றுக்கு ‘ஜியோடெக்ஸ்டைல்’ என்று பெயரிட்டார். ‘ஜியோ’ என்பது கிரேக்க மொழியில் நிலத்தைக் குறிக்கும். எனவே, தமிழில் நிலத்துணி எனலாம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அரிசிச் சாக்கைப் போல ஊடும் பாவுமாக நெய்தது. இன்னொன்று, நெய்யாமல் இழைகளை ஒன்றோடொன்று சிக்கவைத்துக் கம்பளம்போல் ஆக்கியது. முன்னது இழுவிசையை நன்கு தாங்கும். பின்னது நீரை வடியவிட்டு மண்ணைத் தடுத்து நிறுத்தும். தேயிலை வடிகட்டியின் வேலை அது.

நிலவலையின் கதை வேறு. கடைகளில் ஆரஞ்சுப் பழங்களையும் வெங்காயத்தையும் பிளாஸ்டிக் வலைப் பைகளில் போட்டு விற்பதைப் பார்த்திருப்போம். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரைச் சேர்ந்த பிரையன் மெர்சர் 1950களில் அத்தகைய வலைகளைத் தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்தவர். துணி ஆலைகளுக்குப் பெயர்போன ஊர் அது. பழம் சுமக்கும் வலை மண்ணையும் சுமக்குமா என்ற கேள்விக்கு, 1970களின் பிற்பகுதியில் அவரே விடையும் கண்டார். தடித்த பிளாஸ்டிக் தகட்டில் வரிசையாகத் துளைகளை இட்டு, அதைச் சூடாக்கி இழுத்தார். துளைகள் நீண்டன. துளைகளுக்கு இடையே இருந்த பகுதி மெலிந்து விலா எலும்புகளைப் போன்ற கீற்றுகளாக மாறியது.

மெலிந்தால் வலுக்குறையும் என்று தோன்றும். நடந்தது அதற்கு எதிரானது. பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள். இழுப்பதற்கு முன் அவை தட்டில் கிடக்கும் மீ கோரெங்கைப் போல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இழுத்ததும் அவை ஒரே திசையில் வரிசையாகப் படிகின்றன. பின்னர் அந்தத் திசையில் இழுத்தால் எல்லாச் சங்கிலிகளும் சேர்ந்து எதிர்க்கும். கனமான பொருளைச் சுமக்கும் பிளாஸ்டிக் பையின் கைப்பிடியைக் கவனித்தால் இது தெரியும். முதலில் சட்டென்று நீளும். பிறகு கம்பி போல் இறுகிவிடும், கையை அறுக்கும். மெர்சர் செய்தது, அந்த இறுகிய நிலையைத் தொழிற்சாலையிலேயே கொண்டுவந்துவிட்டதுதான்.

நிலவலைக்குத் துணிக்கு இல்லாத ஒரு சிறப்பும் உண்டு. அதன் கண்களுக்குள் சரளைக் கற்கள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். அதனால் கல்லை நகர்த்த வேண்டுமானால் வலையையே நகர்த்த வேண்டும். சாலை போடும்போது இந்தக் குணம் மிகவும் பயன்படுகிறது. சேற்று நிலத்தின்மேல் நேரடியாகச் சரளையைக் கொட்டிச் சாலை போட்டால், வண்டிகள் ஓட ஓடச் சரளை சேற்றுக்குள் புதையும். சேறு சரளைக்குள் ஏறும். எத்தனை லாரி சரளை கொட்டினாலும் அது காணாமற்போகும். இடையில் ஒரு துணியையும் வலையையும் விரித்துவிட்டால் கல் கல்லாகவும் சேறு சேறாகவும் பிரிந்தே இருக்கும்.

வலுவூட்டிய மண்சுவர் எப்படி எழுகிறது என்பதைப் பார்க்க, மேம்பாலத்துக்கு ஏறும் சாலை கட்டப்படும் இடமே பொருத்தம். முதலில் முகப்புப் பலகைகளின் கீழ்வரிசை நிறுத்தப்படும். அதன் பின்னால் மண்ணோ மணலோ ஏறத்தாழ 20 அல்லது 30 சென்டிமீட்டர் கனத்துக்குக் கொட்டப்பட்டு, உருளை இயந்திரத்தால் இறுக்கப்படும். பிறகு நிலவலை விரிக்கப்படும். அதன் ஒரு முனை முகப்புடன் இணைக்கப்படும். மறுமுனை மண்ணுக்குள் வெகுதூரம் நீளும். பொதுவாக வலையின் நீளம் சுவரின் உயரத்தில் 70 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. 10 மீட்டர் சுவர் என்றால் வலை குறைந்தது 7 மீட்டர் உள்ளே போக வேண்டும். வலையைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடிப்பது முக்கியம். தொய்வாக இருந்தால், சுவர் கொஞ்சம் நகர்ந்து தொய்வு நீங்கிய பிறகே அது வேலை செய்யத் தொடங்கும். அதன்மேல் மீண்டும் மண், மீண்டும் உருளை, மீண்டும் வலை. வெயிலில் வலையின் முனையைப் பிடித்து இழுத்து நிறுத்தும் ஊழியர்களில் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்களுடைய கையின் கவனம் சுவரின் ஆயுளில் சேர்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

வேலை முடிந்த பிறகு வெளியே தெரிவது முகப்புப் பலகைகள் மட்டுமே. மலேசியாவின் நெடுஞ்சாலைகளில் போகும்போது, கூட்டல் குறி போன்ற வடிவில் ஒன்றோடொன்று பொருந்திய கான்கிரீட் பலகைகளைப் பல மேம்பாலங்களின் ஓரத்தில் காணலாம். அந்தச் சுவர்தான் மண்ணைத் தாங்குகிறது என்று பலரும் எண்ணுவர். உண்மையில், அந்தப் பலகைகளின் மீது விழும் சுமை மிகக் குறைவு. மண் தன்னைத்தானே தாங்கிக்கொண்டு நிற்கிறது. மழையிலும் வெயிலிலும் விளிம்பு உதிராமல் இருக்கத்தான் முகப்பு.

சுவர் மட்டுமன்று, இளகிய நிலத்தின்மீது எழும் சாலைக்கரையும் இந்த உதவியை நாடுகிறது. தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் பல இடங்களில் ஆழமான கடல்சார் களிமண் உண்டு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை அமைக்கப்பட்ட காலத்தில் இது ஒரு பெரிய கேள்வியாக நின்றது. அந்தக் களிமண் எவ்வளவு உயரமான கரையைத் தாங்கும்? 1980களின் இறுதியில் மூவார் அருகே சோதனைக் கரைகள் கட்டப்பட்டன. சிலவற்றில் நிலவலை முதலிய வெவ்வேறு முறைகள் சோதிக்கப்பட்டன. ஒன்று மட்டும் எந்த உதவியும் இல்லாமல், இடிந்து விழும்வரை உயர்த்தப்பட்டது. எந்த உயரத்தில் அது விழும் என்று வல்லுநர்களிடம் முன்னதாகவே கேட்டு வைத்திருந்தார்கள். ஒரே மண், ஒரே அளவீடுகள். ஆனாலும் அவர்கள் தந்த விடைகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டன. கரை 5.4 மீட்டர் மண்ணைத் தாங்கிய பிறகு சரிந்தது. மண்ணைப் பற்றிய கணக்கு எவ்வளவு தேர்ந்தவருக்கும் எளிதன்று என்பதை அந்தச் சரிவு காட்டியது. கரையின் அடியில் வலையை விரிப்பதன் பயனும் இங்கேதான் விளங்குகிறது. இளகிய களிமண்ணின்மேல் நிற்கும் கரை, தன் எடையாலேயே இருபக்கமும் கால்களை அகட்டி விரிய முயலும். அடியில் உள்ள வலை அந்தக் கால்களைச் சேர்த்துக் கட்டுகிறது.

இந்தச் சுவர்கள் ஒருபோதும் இடியா என்று எண்ணிவிடக் கூடாது. இடிந்தவற்றைப் பற்றி அமெரிக்காவின் ராபர்ட் கோர்னரும் ஜார்ஜ் கோர்னரும் 2013ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டனர். செயற்கை இழைகளால் வலுவூட்டப்பட்டும் பழுதடைந்த 171 சுவர்களை அவர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். தொழிற்சாலையில் துணி அல்லது வலை சரியாகத் தயாரிக்கப்படாததால் பழுதடைந்த சுவர் ஒன்றுகூட இல்லை. பாதிக்கும் மேற்பட்ட சுவர்களில், மணலுக்குப் பதிலாக வண்டலும் களிமண்ணும் நிரப்பப்பட்டிருந்தன. பலவற்றில் மண் சரியாக இறுக்கப்படவில்லை. பெரும்பாலானவற்றில் காரணமாக நின்றது நீர்.

நீருக்கு ஏன் இவ்வளவு ஆற்றல்? மணலில் விழுந்த மழை சீக்கிரம் வடிந்துவிடும். களிமண்ணில் விழுந்தது வடிய வழியின்றித் தங்கும். தங்கிய நீர் சுவரைப் பின்னாலிருந்து தள்ளும். அத்துடன் துகள்களுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்கிவைக்கும். விலகிய துகள்கள் துணியை அழுத்தா. அழுத்தம் இல்லாவிட்டால் உராய்வும் இல்லை. அப்போது, எவ்வளவு உறுதியான வலையாக இருந்தாலும், சோற்றுக்குள் வைத்த நூலைப் போல வழுக்கிக்கொண்டு வந்துவிடும். தோண்டிய இடத்திலேயே கிடைக்கும் களிமண்ணைப் போட்டால் மணல் வாங்கும் செலவு மிச்சம். வடிகால் குழாயைக் குறைத்தால் இன்னும் மிச்சம். பருவமழை கொட்டும் நம் நாடுகளில் அந்த மிச்சத்தின் விலையை அடுத்த மழைக்காலத்தில் யாரோ ஒருவர் கொடுக்க நேர்கிறது.

ஒழுங்காகக் கட்டினால் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஜப்பானில் ஒரு சான்று உண்டு. 1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் அதிகாலையில் கோபே நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ரயில் பாதைகளைத் தாங்கிய பழைய கல்சுவர்களும் கான்கிரீட் சுவர்களும் பல இடங்களில் விழுந்தன. தனாட்டா என்ற இடத்தில், அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் நிலவலையால் வலுவூட்டிய ஒரு சுவர் கட்டப்பட்டிருந்தது. சுற்றியிருந்த வீடுகள் பல தரைமட்டமாயின. அந்தச் சுவர் சற்று முன்னே சாய்ந்தது, ஆனால் விழவில்லை. மண்ணும் வலையும் விறைப்பாக நிற்பவை அல்ல. நிலம் அசையும்போது அவையும் கொஞ்சம் அசைந்துகொடுக்கும். அதன்பின் ஜப்பானிய ரயில் பாதைகளில் இத்தகைய சுவர்கள் பெருகின.

பிளாஸ்டிக்கை மண்ணில் புதைப்பது சரிதானா என்று கேட்கும் மாணவர் இருந்தால், அது நல்ல கேள்வியே. கடற்கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் பை மட்குவதில்லை என்பதைக் குறையாகச் சொல்கிறோம். சுவருக்குள் இருக்கும் வலையிடம் எதிர்பார்ப்பது அதே குணத்தைத்தான். பிரிட்டிஷ் தரவிதிகளின்படி, இத்தகைய நிரந்தரச் சுவர்களை 120 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்கலாம். வெயிலின் புற ஊதாக் கதிர்தான் பிளாஸ்டிக்குக்கு முதல் பகை. மண்ணுக்குள் வெயில் இல்லை. கட்டி முடிக்கும்வரை வெயிலைத் தாங்குவதற்காகவே கரித்தூள் கலக்கிறார்கள். பெரும்பாலான நிலவலைகள் கறுப்பாக இருப்பதற்கு அதுவே காரணம். ஆனாலும், ஒருநாள் அந்தச் சுவரை இடிக்க நேர்ந்தால், மண்ணோடு கலந்த பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுப்பது கடினமான வேலைதான்.

எல்லா இடத்திலும் நூறாண்டு தேவைப்படுவதில்லை. புதிதாக வெட்டிய மலைச்சரிவில் புல் வேர்பிடிக்கும்வரை மண் அரிக்காமல் இருந்தால் போதும். பிறகு வேரே வலையாகிவிடும். அங்கே தென்னை நார் போதுமானது. தென்னை நார் மற்ற இயற்கை இழைகளைவிட மெதுவாக மட்கும். கேரளத்தில் அதைக் கொண்டு நெய்த விரிப்புகளைக் கால்வாய்க் கரைகளிலும் சரிவுகளிலும் போர்த்துகிறார்கள். அதற்குக் ‘கயர் பூவஸ்திரம்’ என்று பெயர். பூமிக்கு உடுத்தும் ஆடை என்பது பொருள். இந்தியாவின் கிராமப்புறச் சாலைகளுக்கு அடியிலும் தென்னை நார் விரிப்புகள் இடப்படுகின்றன. சில ஆண்டுகளில் அவை மட்கிவிடும். அதற்குள் அடியிலுள்ள மண் இறுகிவிடும்.

சாங்கியின் சேற்றுக் குளத்துக்கு அது போதாது. அங்கே வேண்டியிருந்தது, பெரும் இழுவிசையைத் தாங்கும் துணி. நெய்த துணிப் பட்டைகளை ஒன்றோடொன்று தைத்து, ஏறத்தாழ 900 மீட்டர் நீளமும் 700 மீட்டர் அகலமும் உள்ள ஒரே விரிப்பை உருவாக்கினார்கள். 80க்கும் மேற்பட்ட காற்பந்துத் திடல்களை மூடக்கூடிய விரிப்பு அது. சேறு பீறிட்ட பகுதியின்மேல் அது விரிக்கப்பட்டது.

கஞ்சிக் கிண்ணத்தில் ஒரு பிடி மணலைப் போட்டால் மூழ்கிவிடும். கஞ்சியின்மேல் ஒரு துண்டு வாழையிலையை வைத்து, இலை முழுவதும் மணலைச் சீராகத் தூவினால் மூழ்காது. துணி செய்த வேலை அந்த இலையின் வேலைதான். ஓரிடத்தில் மணல் கொஞ்சம் அதிகமாக விழுந்தாலும், துணி இறுகி அந்தச் சுமையைச் சுற்றிலும் பகிர்ந்தது. சேறு மேலே பீறிடவும் இடங்கொடுக்கவில்லை. அதன்மேல் மீண்டும் மெல்லிய அடுக்குகளாக மணல் பரப்பப்பட்டது. இம்முறை மணல் நின்றது.

அத்துடன் வேலை முடியவில்லை. மணல் மேலே நின்றாலும், கீழே இருந்தது இன்னும் கூழ்தான். அதிலிருந்த நீர் வெளியேறினால்தான் அது மண்ணாகும். களிமண் வழியே நீர் மிக மெதுவாகவே நகரும். 20 மீட்டர் ஆழத்திலிருந்து அது தானாக மேலே வருவதற்குக் காத்திருந்தால் ஒரு தலைமுறை போதாது. இதற்கும் ஒரு துணியே கைகொடுத்தது. ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலமுள்ள, வடிகட்டும் துணி உறை போட்ட பிளாஸ்டிக் பட்டைகளை இயந்திரத்தால் செங்குத்தாக உள்ளே இறக்கினார்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்றிரண்டு மீட்டர் இடைவெளிதான். இப்போது நீர் 20 மீட்டர் மேலே ஏற வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு மீட்டர் நகர்ந்து பட்டையைச் சேர்ந்தால் போதும். நீர் நகர வேண்டிய தொலைவு பத்து மடங்கு குறைந்தால், அதற்கு ஆகும் காலம் ஏறத்தாழ நூறு மடங்கு குறையும்.

மணலின் எடை மேலிருந்து அழுத்த, நீர் பட்டைகளின் வழியே ஏறி வெளியேறியது. சேறு மீட்டர் கணக்கில் கீழே இறங்கியது. இறங்க இறங்க மேலே மணலைச் சேர்த்து மட்டத்தை உயர்த்தினார்கள். தைத்துச் சேர்த்த அந்த விரிப்பு இன்னும் அங்கேதான், மணலுக்கும் சேற்றுக்கும் நடுவே கிடக்கிறது.